முலைக்காம்பில் ஒரு தடிப்பு

உடலின் சில உறுப்புகளைப் பற்றி நாம் கதைப்பதில்லை. கதைக்காதபடியால் அவற்றில் வரும் நோய்களுக்கு நம்மிடம் பெயரும் இல்லை. முலைக்காம்பும் அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் தடித்து, கறுத்து, மருப்போலச் சொரசொரப்பாகும் நிலை அவற்றில் ஒன்று. மருத்துவர்கள் இதை ஹைப்பர்கெரட்டோசிஸ் என்பர்.

தோலின் மேற்படையில் கெரட்டின் என்னும் புரதம் அளவுக்கு மீறித் திரள்வதே இது. 1938 இல் லெவி-ஃபிராங்கெல் இதனை மூன்றாக வகுத்தார்: தோலிலுள்ள மறுவொன்றின் நீட்சியாக வருவது, வேறு தோல் நோய்களுடன் சேர்ந்து வருவது, காரணம் தெரியாமல் தனியே வருவது. மூன்றாவது வகை பெரும்பாலும் இளம் பெண்களுக்கு, அநேகமாக இரு பக்கத்திலும் ஏற்படுகிறது. கர்ப்பகாலத்தில் அதிகரிப்பதுண்டு. புரொஸ்டேட் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரஜன் கொடுக்கப்பட்ட ஆண்களிலும் காணப்பட்டதால் ஹோர்மோன்களுக்கு இதில் பங்கிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

இது புற்றுநோயல்ல. தொற்றாது. சுத்தக்குறைவால் வருவதுமல்ல, எனவே தேய்த்துக் கழுவிப் போக்க முடியாது. சிலருக்குக் கடியிருக்கும், சிலருக்குப் பாலூட்டுவது சிரமமாகும். தோலை இளக்கும் சலிசிலிக் அமிலக் களிம்பு, ரெட்டினோயிட் களிம்பு, திரவ நைதரசனால் உறையவைத்தல், மேற்படையைச் சீவியெடுத்தல் ஆகியவை சிகிச்சைகள். கர்ப்பிணிகள் ரெட்டினோயிட்டைத் தவிர்க்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் மீண்டும் வரலாம். தொந்தரவில்லையெனில் அப்படியே விட்டுவிடலாம்.

அப்படியானால் வைத்தியரிடம் ஏன் போகவேண்டும்? 1874 இல் ஜேம்ஸ் பேஜெட் விவரித்த இன்னொரு நோய் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு முலைக்காம்பில் மட்டும் சிவந்து, செதில் உதிர்ந்து, நீர் அல்லது இரத்தம் கசியும். பார்வைக்குச் சாதாரண எக்ஸிமா போலிருக்கும். ஆனால் அது புற்றுநோய். சந்தேகம் வந்தால் சிறு துண்டுத் தோலை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தே நிச்சயிக்க முடியும். கண்ணாடி முன் நின்று நாமே முடிவுகட்டும் விடயமல்ல இது.

இங்கேதான் நமது சிக்கல். மொழி தெரியாத தாய் தன் மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்கிறாள். அவன் முன்னால் முழங்கால் வலியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள். மகன் வெளியே இருக்கட்டும், பெண் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. தீங்கற்ற தடிப்பைப் பயந்து ஒளிப்பதும், தீங்கானதைத் தீங்கற்றதென நம்பிக் காலங்கடத்துவதும் ஒரே மௌனத்தின் விளைவுகளே. இரண்டாவதுக்கு நாம் கொடுக்கும் விலை உயிராகவும் இருக்கலாம்.