காற்றுத் திரும்புமுன் உடம்பைக் காத்தல்
சீன வைத்தியம் சொல்வதும் ஊவா மலைக்குப் பொருந்துவதும்

ஐப்பசி பிறந்தால் ஊவா மலைகளில் மழை பிடித்துவிடும். சொந்த வீட்டில் இருப்பவர் அதற்கு முன்னரே கூரைத் தகரத்தைப் பார்த்து, விறகைச் சேர்த்து, வாய்க்காலை வெட்டி வைப்பார். இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபத்திலோ உறவினரின் லயக்காம்பராவிலோ ஒதுங்கியிருக்கும் குடும்பத்துக்கு இவற்றைச் செய்ய இடமுமில்லை, பொருளுமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது தப்பியவர்களுக்கு நேர்ந்தது இதுவே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் வீடிழந்தவர்களுக்கு நேர்ந்ததும் இதுவே. அந்த நிலையில் ஆயத்தம் செய்வதற்குக் கையில் மிஞ்சுவது அவரவர் உடம்பு ஒன்றுதான்.

பருவம் மாறுமுன் உடம்பை ஆயத்தம் செய்வது பற்றிச் சீன நாட்டவர் இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதி வந்திருக்கின்றனர். மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் அவர்களுடைய பழைய மருத்துவ நூலின் தொடக்கத்திலேயே, எந்தப் பருவத்தில் எப்போது உறங்கி எப்போது எழ வேண்டும் என்ற விளக்கம் இருக்கின்றது. நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட வருமுன் பழக்கத்தை மாற்றுவதே மேல் என்பது அதன் அடிப்படை. நமது நாட்டு வைத்தியர்களும் இதையேதான் சொல்கின்றார்கள்.

சீன வைத்தியம் என்றவுடன் நம்மவருக்கு ஊசி குத்துவதுதான் நினைவுக்கு வரும். அது இலங்கைக்குப் புதியதல்ல. 1970களில் சீனா சென்று அக்குபங்சர் கற்றுவந்த வைத்தியர் அன்ரன் ஜயசூரிய, களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் அதற்கென ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தினார். வெளிநாட்டு வைத்தியர்களும் அங்கு வந்து கற்றனர். ஆனால் ஊசி பயிற்சி பெற்றவர் கையில் இருக்க வேண்டியது. வீட்டில் நாமே செய்யக்கூடியவை உடை, உணவு, வெந்நீர், விரல் அழுத்தம் என்பனவே. இக்கட்டுரை அவற்றைப் பற்றியது.

முதலில் ஓர் எச்சரிக்கை. சீனரின் பருவக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்று நான்கு பருவங்கள். நமது வானிலை அவதான நிலையமும் ஆண்டை நான்காகத்தான் பிரிக்கின்றது. ஆனால் இங்கே கணக்கு மழைக்காற்றை வைத்து. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று, மழையை மத்திய மலையின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக ஊவாவில் இறங்குகின்றது. ஒக்டோபர், நவம்பரில் இடைக்கால மழையும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழையும் நமக்கு ஈரம் தருகின்றன. ஹற்றன் நனையும்போது பதுளை காய்ந்திருப்பது இதனால்தான். கிழக்கிலிருந்து வந்தவர்கள் அந்த வறண்ட காற்றைக் கச்சான் என்பார்கள். யாழ்ப்பாணத்தார் அதைச் சோழகம் என்றும், மார்கழிக் குளிர்காற்றை வாடை என்றும் சொல்வார்கள். காற்றின் பெயரை வைத்தே தொழிலையும் உடம்பையும் கணித்தவர்கள் நம் முன்னோர். காற்றே நோய்களுக்கு முன்னோடி என்பது சீனரின் கொள்கையும் ஆகும்.

ஆகவே, சீனர் பனிக்காலத்துக்குச் சொன்னதை நாம் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களுக்கும், இலையுதிர் காலத்து வறட்சிக்குச் சொன்னதை ஆடி, ஆவணி மாதங்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈரக்குளிர் காலமே இடம்பெயர்ந்தோரை அதிகம் வாட்டுவது. உயரம் ஆயிரம் மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். வெல்லவாய வெயிலில் பயிர் செய்து பழகிய குடும்பம் 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளைக்கு ஏறி வந்தால், ஒரே நாளில் பருவமே மாறியதுபோல் இருக்கும். இப்படி வந்தவர்கள் உடம்பில் மூன்று இடங்களைக் காக்க வேண்டும் என்கின்றது சீன முறை: பிடரி, அடிவயிறு, பாதம். பிடரியில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். மலையில் பெண்கள் தலையிலும் முதுகிலும் கொங்காணி போடுவதன் பயனும் இதுதானே. நனைந்த சட்டையோடு அடுப்படியில் நின்று காய்வதை விட்டு, முதலில் அதைக் கழற்றித் துடைத்துக்கொள்ள வேண்டும்.

படுக்குமுன் பாதத்தை வெந்நீரில் வைப்பது சீனக் கிராமங்களில் இன்றும் உள்ள பழக்கம். ஒரு வாளியில் கணுக்கால் மூழ்கும் அளவு இளஞ்சூட்டு நீர், அதில் தட்டிய இஞ்சித் துண்டு ஒன்று, பத்து அல்லது பதினைந்து நிமிடம். இஞ்சி இல்லாவிட்டால் வெறும் நீரே போதும். பின்பு விரலிடுக்குகளை நன்றாகத் துடைக்க வேண்டும். நாள் முழுவதும் சேற்றில் நின்றவருக்கு விரலிடுக்கில் வரும் புண்ணைத் தடுப்பதில் பாதி இந்தத் துடைப்பிலேயே இருக்கின்றது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம். அவர்களுக்காக வேறொருவர் முழங்கையை நீரில் வைத்துப் பார்க்கட்டும்.

மாசிபத்திரி இனத்துச் செடியைக் காயவைத்துச் சுருட்டி, எரித்து, உடம்புக்கு அருகில் காட்டிச் சூடேற்றும் முறையும் சீனரிடம் உண்டு. படங்கும் பாயும் நிறைந்த முகாமுக்கு அது ஆகாது. தீயும் புகையும் நமக்கு வேண்டாம். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஒத்தடம் கொடுத்தால் அதே இதம் கிடைக்கும்.

சீனர் சொன்னதை அப்படியே பின்பற்றினால் கேடு வரக்கூடிய இடமும் ஒன்று உண்டு. காற்றுக்கு அஞ்சி, ஐம்பது பேர் படுத்திருக்கும் மண்டபத்தின் யன்னல்களை எல்லாம் அடைத்துவிடுகின்றார்கள். தடிமனும் சளிக்காய்ச்சலும் கிருமியால் வருபவை. காசநோயும் அப்படியே. அடைத்த அறையில் ஒருவர் இருமினால் எல்லோரும் அதைச் சுவாசிக்கின்றனர். எனவே காற்றை மறைக்க வேண்டியது உடம்புக்கு, அறைக்கல்ல. மேல் யன்னல்கள் திறந்திருக்கட்டும். குழந்தைகளும் முதியோரும் காற்று நேரே படாத மூலையில் படுக்கட்டும். இருமுபவர் யன்னல் பக்கம் படுக்கட்டும். அவருக்குத்தான் நல்ல போர்வையைக் கொடுக்க வேண்டும்.

குளிர்காலத்தில் நேரத்தோடு உறங்கி, சூரியன் வந்தபின் எழ வேண்டும் என்று அந்தப் பழைய நூல் கூறுகின்றது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய பெண்ணிடம் இதைச் சொன்னால் சிரிப்பாள். முதற்பாதி மட்டும் நமக்கு முடியும்: நேரத்தோடு உறங்கலாம்.

உணவைப் பொறுத்தவரை சீனருக்கும் நமக்கும் அதிக வேறுபாடில்லை. குளிரில் நனைந்து வந்தால் அவர்கள் இஞ்சியும் வெங்காயத்தாளும் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். நாம் கொத்தமல்லியும் இஞ்சியும் வைப்போம். சிங்கள அயலவர் கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்பாடகம், மரமஞ்சள் என்ற ஐந்தையும் சேர்த்துப் பஸ்பங்குவ காய்ச்சுவார்கள். உடம்பு தேறாதவருக்கு இரு நாட்டாரும் கொடுப்பது அரிசிக் கஞ்சி. சீனக் கஞ்சியை வெள்ளைக்காரர் அழைக்கும் சொல்லே நமது தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான். நிவாரண அரிசி ஒரு சுண்டு இருந்தால், கிடைக்கும் கீரையை அரிந்து போட்டுக் கஞ்சியாக்குங்கள். அதே அரிசி இன்னும் இருவருக்குப் போதுமானதாகும்.

இனி விரல் அழுத்தம். சீனர் குறித்த நூற்றுக்கணக்கான இடங்களில் மூன்றை அறிந்தால் போதும். அளவெடுக்கும் விரல் நோயாளியுடையதாக இருக்க வேண்டும்.

உள்ளங்கையை மேலே திருப்புங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கை நோக்கி மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு நரம்புக் கயிறுகளுக்கு நடுவில் இருப்பது நெய்குவான். குமட்டலுக்கு அங்கே பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். பசறை, லுணுகலைப் பாதையின் வளைவுகளில் பஸ் வண்டியில் வாந்தியெடுப்பவர்களுக்கும், மசக்கையால் சோர்ந்த தாய்மாருக்கும் இது உதவலாம். சீனப் புள்ளிகளுள் மேலைநாட்டு வைத்தியர்கள் அதிகம் சோதித்துப் பார்த்தது இதுவே. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல் இதனால் குறைவதை அவர்கள் கண்டுள்ளனர்.

முழங்காற் சில்லுக்கு நான்கு விரல் கீழே, காலெலும்பின் வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளி இருப்பது சு-சான்-லி. லி என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் தூரம், சான் என்றால் மூன்று. களைத்தவன் இங்கே அழுத்தினால் இன்னும் மூன்று லி நடப்பான் என்று பெயருக்குக் காரணம் சொல்வார்கள். அது மரபு. ஆனால் நாள் முழுவதும் சரிவில் கொழுந்து பறித்தவர் மாலையில் அந்தத் தசையைப் பிசைந்தால் கால் இளகும் என்பதற்குச் சோதனை தேவையில்லை. மூன்றாவது ஹெகு. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தால் நடுவில் எழும் சதைமேடு அது. தலையிடிக்கும் பல்வலிக்கும் அங்கே அழுத்துவார்கள். கர்ப்பிணிகளுக்கு இதை அழுத்தக் கூடாது என்பது சீனரின் விதி.

ஆடி, ஆவணிக்கு வருவோம். தேயிலை வாங்குவோர் ஊவாவைத் தேடும் காலம் அது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து தனி மணம் பெறுகின்றது. அதே காற்றுத்தான் பறிப்பவரின் உதட்டையும் மூக்கையும் வெடிக்கச் செய்து வறட்டு இருமலைத் தருகின்றது. வறட்சிக்குச் சீனர் சொல்வன பேரிக்காய், வெள்ளை முள்ளங்கி, எள். முள்ளங்கி வெலிமடைச் சந்தையில் மலிவு. உதட்டுக்கு நல்லெண்ணெய் தடவலாம். ஆறிய வெந்நீரைப் போத்தலில் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். தேத்தண்ணி குடித்தால் தண்ணீர் குடித்ததாகிவிடும் என்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலைச் சாயம் தடுக்கின்றது. இரத்தக் குறைவுள்ள பெண்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பதே நன்று.

மார்ச், ஏப்ரலில் காலை வெயிலும் மாலை இடியும். பாரமான வேலையை விடியலில் முடித்து, இடி கேட்டதும் வெட்டவெளியை விட்டு வந்துவிட வேண்டும்.

மருந்து மூலிகைகளைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. கி.பி. 4ஆம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் காய்ச்சலுக்குக் கூறப்பட்ட ஒரு செடியைத் து யூயூ என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில் சோதித்து, மலேரியாவுக்கு மருந்து கண்டார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கேட்டு, சீன மருந்தென்றால் எல்லாம் நல்லதே என்று எண்ணக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரை உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அதில் கலந்திருந்த செடியின் குடும்பத்தில்தான் நமது ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் இருக்கின்றன. கிராந்துருக்கோட்டை, மஹியங்கனைப் பக்கத்து விவசாயக் குடும்பங்களை ஏற்கெனவே சிறுநீரக நோய் பீடித்திருக்கின்றது. அங்கிருந்து வந்தவர்கள், சந்தையில் பெயரில்லாமல் விற்கும் தூள் எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால் இங்கே சொன்ன எதுவும் போதாது. மழைக்காலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் இரண்டுமே உண்டு. பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை கொடுக்காதீர்கள். இரண்டு நாள் கடந்தால் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு வாந்தி நிற்காவிட்டால் நெய்குவானை அழுத்திக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வயிற்றுவலி, இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல், கெண்டைக்கால் வலியோடு கண் சிவத்தல், குழந்தை மயங்கிக் கிடத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சலைத் தடுக்கும் மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

இரவில் வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். அம்புலன்ஸ் வண்டிக்குக் கட்டணமில்லை. தோட்டத்தின் பெயரோடு டிவிசனையும், பக்கத்திலுள்ள கோயில் அல்லது தொழிற்சாலையையும் சொல்ல வேண்டும். பாதை மண்ணால் மூடியிருந்தால் எந்தச் சந்திவரை வண்டி வர முடியும் என்பதைக் கேட்டு, நோயாளியைக் கம்பளியில் சுற்றி அதுவரை தூக்கிச் செல்ல நான்கு பேரை முன்னரே பேசி வையுங்கள்.