மறையீட்டு நாணயத்தில் நிதி அந்தரங்கம்

மறையீட்டு நாணயத்தில் நிதி அந்தரங்கம் என்பது, பிட்காயின் முதலிய மறையீட்டு நாணயங்களைப் (கிரிப்டோகரன்சி) பயன்படுத்துவோர் தமது வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைப் பிறர் அறியாமல் காத்துக்கொள்வதைக் குறிக்கும். பிட்காயின் அடையாளத்தை முற்றிலும் மறைக்கும் பணம் என்ற கருத்து பரவலாக உள்ளது, அது சரியன்று.

பொதுப் பேரேடு

பிட்காயின் பரிமாற்றங்கள் அனைத்தும் பிளாக்செயின் எனும் பொதுப் பேரேட்டில் பதிவாகின்றன. அதனை எவரும் படிக்கலாம். அழிப்பது நடைமுறையில் இயலாது. இவ்வகையில் இது கோயில் கல்வெட்டை ஒத்தது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் திருப்பியளித்த செய்தி அங்கே கன்னடக் கல்வெட்டாக உள்ளது. அது எல்லோரும் அறிவதற்காகவே பொறிக்கப்பட்டது. பேரேட்டிலோ பெயருக்குப் பதிலாக 'முகவரி' எனும் எழுத்துச்சரம் இடம்பெறுகிறது. முகவரி யாருடையது எனத் தெரிந்துவிட்டால் அதன் பழைய பரிமாற்றங்களும் வெளிப்பட்டுவிடும்.

எடுத்துக்காட்டாக, பட்டுச்சேலை வணிகர் ஒருவர் ஒரே முகவரியில் எல்லோரிடமும் பணம் பெறுவதாகக் கொள்வோம். ஒரு சேலை மட்டும் வாங்கியவரும் அம்முகவரிக்கு வந்த மொத்த வரவையும், எஞ்சிய இருப்பையும் காண இயலும்.

அடையாளம் வெளிப்படும் வழிகள்

* ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துதல்.
* பல முகவரிகளிலுள்ள தொகைகளைச் சேர்த்து ஒரே பரிமாற்றத்தில் செலுத்துதல். அவை ஒருவருக்கே உரியவை என ஊகிக்க இது இடமளிக்கிறது.
* ஆவணங்கள் பெற்று அடையாளம் சரிபார்க்கும் பரிமாற்றகங்கள். இங்கு பெயரும் முகவரியும் இணைகின்றன.
* பிறரது வழங்கியை நம்பும் பணப்பை மென்பொருள்கள். வழங்கியை நடத்துபவர் பயனரின் முகவரிகளையும் இணைய நெறிமுறை எண்ணையும் அறியக்கூடும்.

காக்கும் முறைகள்

ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் புதிய திறவி இணையைப் பயன்படுத்துமாறு சத்தோசி நகமோட்டோவின் 2008 ஆம் ஆண்டுக் கட்டுரையே பரிந்துரைத்தது. இன்றைய பணப்பைகள் பல, ஒரே மூலத்திலிருந்து புதிய முகவரிகளைத் தாமே உருவாக்குகின்றன. சொந்தக் கணினியில் முழுக் கணு ஒன்றை இயக்கினால் பிறரது வழங்கியை நாட வேண்டியதில்லை. 2014 இல் தோன்றிய மொனேரோ, அனுப்புநர், பெறுநர், தொகை ஆகியவற்றைப் பேரேட்டிலேயே மறைக்கிறது. 2016 இல் வெளிவந்த சீகேஷ், விவரத்தை வெளியிடாமலேயே அதன் உண்மையை மெய்ப்பிக்கும் கணித முறையைப் பயன்படுத்துகிறது.

இந்தியாவில்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. எனினும் இவ்வுரிமை வரம்பற்றதன்று. மறையீட்டு நாணய வருமானத்திற்கு 30% வரி 2022 இல் அறிமுகமானது. 2023 மார்ச்சில் பரிமாற்றகங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. எனவே மேற்கண்ட முறைகள் அயலார், போட்டியாளர், திருடர் ஆகியோரிடமிருந்து கணக்கைக் காக்க உதவுவன. வரி செலுத்தும் கடமையை அவை நீக்குவதில்லை.