உங்களுக்குத் தெரியுமா? செடித்தொட்டியில் அடங்காத பாசி

வெள்ளவத்தையில் கடல் பார்த்த தொடர்மாடி என்றால் வாடகை கூட. மீன்தொட்டியில் பாசியும் கூட. கடல் மேற்கே இருப்பதால் பிற்பகல் வெயில் நேரே வரவேற்பறைக்குள் விழும். "லைற் ஆறு மணி நேரம்தானே போடுகிறேன்" என்பவர்கள் இந்த வெயிலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பகல் சுருங்கட்டும் என்று காத்திருந்தும் பயனில்லை. கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூடக் கிடையாது. யன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், முடிந்தால் தொட்டியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். கொட்டாஞ்சேனையில் பகலிலும் லைற் போட்டால்தான் முகம் தெரியும் நடு அறையில் தொட்டி வைத்திருப்பவர் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. அவருடைய சூரியனுக்கு ஒரு சுவிச் இருக்கிறது.

*

உலகெங்கும் மீன்தொட்டியில் செடி வளர்ப்போர் வாங்கும் கிரிப்டோகொரைன் நீர்ச்செடி வகைகளில் வென்டி, பெக்கெட்டி, வோக்கரி, பார்வா ஆகியவை இலங்கைக்கே உரியவை. மர நிழல் விழும் ஓடைகளில் மெதுவாக வளர்ந்து பழகியவை இவை. ஓர் இலை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அதன் தலைக்கு மேல் பெரிய எல்ஈடி லைற்றைப் பத்து மணி நேரம் எரியவிட்டால், புது இலை வருமுன் பழைய இலையில் பாசி குடியேறிவிடும். இந்தச் செடிகளுக்கு மிதமான வெளிச்சம் ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். பாசி மருந்து வாங்கும் காசில் ஒரு டைமர் வாங்கலாம் என்பது என் கட்சி.

*

செடிகளின் மேல் ஆடைபோலப் படர்ந்து, விரலால் தூக்கினால் முழுத் தாளாக எழுந்து, மூக்கைச் சுளிக்கவைக்கும் அந்த நீலப்பச்சைப் படலம் உண்மையில் பாசியே அல்ல. சயனோபற்றீரியா என்னும் நுண்ணுயிர். கொழும்பின் நடுவே பேர வாவியைப் பச்சைக் குழம்பாக்குவதும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கையால் முடிந்தளவு உறிஞ்சி எடுத்து, தண்ணீரில் பாதியை மாற்றி, தொட்டியைத் தடித்த துணியால் மூன்று நாள் முழுதாக மூடி வையுங்கள். வேர் பிடித்த செடிகள் தாங்கும். காற்றுக் குமிழி மட்டும் நிற்கக் கூடாது. எரித்ரோமைசின் போட்டாலும் சாகும். ஆனால் மனிதருக்கான நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைத் தொட்டியில் கரைத்து வடிகானில் ஊற்றுவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

*

25 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் 7.6 தான். காபனீரொட்சைட்டும் அப்படியே குறையும். வெக்கையில் அது குறைந்து செடி தளர்ந்தால் பாசி முந்திக்கொள்ளும்.

*

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனது. மெழுகுதிரிக்கும் காஸுக்கும் ஓடிய அந்த நாட்களில் மீன்தொட்டியை யார் நினைத்தார்கள்? ஆனால் மூடிய கனிஸ்டர் பில்டருக்குள் நீர் ஓடாமல் நின்றால், அமோனியாவைத் தின்று தீர்க்கும் பற்றீரியாக்கள் ஒட்சிசன் இன்றி மடியத் தொடங்கும். கரண்ட் வந்ததும் உள்ளே அழுகிய நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். அமோனியா ஏறும், சில நாளில் நீர் பச்சையாகும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு முதலில் பில்டரைத் திறந்து அந்த நீரை வெளியே கொட்டுங்கள். ஸ்பொஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் வேண்டாம், அதிலுள்ள குளோரீன் மிஞ்சிய பற்றீரியாக்களையும் முடித்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிந்தால் போதும்.

*

பொசுபேற்று இல்லாமல் பட்டினி போட்டால் பாசி தோற்கும் என்று செடித்தொட்டி ஆர்வலர்களான போல் சியர்ஸும் கெவின் கொன்லினும் 1996 இல் எழுதினார்கள். பல ஆண்டுகள் அதுவே வேதவாக்கு. பிறகு அமெரிக்காவின் ரொம் பார் எதிர்மாறாகச் செய்தார்: நைத்திரேற்று, பொசுபேற்று எல்லாவற்றையும் தாராளமாகப் போட்டு, வாரம் பாதி நீரை மாற்றினார். செடிகள் கொழுத்தன, பாசி வரவில்லை. அனுபியாஸ் இலையில் சுரண்டினாலும் போகாத பச்சைப் புள்ளிகள் பெரும்பாலும் பொசுபேற்று குறைந்த தொட்டியில்தான் தென்படும். உரத்தை முற்றாக நிறுத்துவது தவறான வைத்தியம்.

*

இலை ஓரங்களில் கறுப்புத் தாடிபோல் நிற்கும் பாசி செவ்வல்கா இனம். மதுசாரத்தில் போட்டால் பச்சையம் கரைந்து உண்மை நிறம் சிவப்பாகத் தெரியும். இதற்குப் பார்மசியில் கிடைக்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு நல்ல ஆயுதம். பில்டரை நிறுத்தி, நான்கு லீற்றர் நீருக்கு ஒரு மில்லிலீற்றர் கணக்கில், சிரிஞ்சால் தாடியின் மேலேயே மெல்லப் பீச்சி, பத்து நிமிடம் விடுங்கள். சில நாளில் இளஞ்சிவப்பாகி உதிரும். மொஸ், வலிஸ்நேரியா செடிகளின் பக்கம் போகவேண்டாம், அவை தாங்கா. செம்பு கலந்த பாசி மருந்துகளோ இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

*

காசு கொடுத்து வாங்கும் மரிமோ பந்தும் பாசிதான். ஜப்பானின் அகான் ஏரியில் அதற்கு 1950 இலிருந்து திருவிழாவே நடக்கிறது!

*

தாடிப் பாசியைத் தின்னும் சியாமிய மீனை வாங்கப்போனால் வாலைப் பாருங்கள். கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை போகவேண்டும். அதே பெயர் சொல்லி விற்கப்படும் சீன மீன் வளர்ந்தபின் பாசியை விட்டு மற்ற மீன்களின் உடல் வழுவழுப்பை உறிஞ்சும். ஜப்பானியச் செடித்தொட்டிக் கலைஞர் தகாஷி அமனோ பிரபலப்படுத்திய இறால் நல்ல வேலைக்காரன், ஆனால் கொழும்பு வெக்கை அதற்கு அதிகம். குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டுமாதலால் தொட்டியில் பெருகவும் மாட்டாது.

*

"டேங்க் கிளீனர்" என்று வாங்கும் தென்னமெரிக்கக் கெளிறு சிறு வயதில் பாசி தின்னும், பிறகு ஒன்றரை அடி வளரும். அலுத்தவர்கள் ஆற்றில் விட்டு விட்டே அது இலங்கையின் குளங்களிலும் ஆறுகளிலும் பரவி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. நம் பெக்கெட்டிச் செடியும் இதே வழியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றில் களையாகிப் போனது. வேண்டாத மீனை வெள்ளவத்தைக் கால்வாயில் விடாதீர்கள். வளர்ப்பவர் ஒருவருக்குக் கொடுங்கள்.