ஷேர்டு ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு... எது ஜெயிக்கும்?

அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் ஒரு ஃபைலைத் திறந்து, திருத்தி, 'சேவ்' கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது கம்ப்யூட்டர். அட்மினைக் கேட்டால், "எல்லா பெர்மிஷனும் கொடுத்தாச்சே!" என்கிறார். இன்னோர் அலுவலகத்திலோ, யாரும் பார்க்கக் கூடாத சம்பளப் பட்டியலை நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூடத் திறந்து பார்க்கிறார். இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். விண்டோஸில் ஷேர் செய்யும் ஃபோல்டருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. பலரும் ஒன்றை மட்டுமே கவனிக்கிறார்கள்.

கேட்டும் வீட்டுக் கதவும்

அபார்ட்மென்ட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே காம்பவுண்டு கேட், உள்ளே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு. வெளியிலிருந்து வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும்.

கேட்தான் 'ஷேர் பெர்மிஷன்'. இதில் மூன்றே நிலைகள். 'ரீட்' என்றால் பார்க்கலாம். 'சேஞ்ச்' என்றால் திருத்தலாம், அழிக்கலாம். 'ஃபுல் கன்ட்ரோல்' இருந்தால் பெர்மிஷனையே மாற்றலாம்.

வீட்டுக் கதவு, 'என்.டி.எஃப்.எஸ் பெர்மிஷன்'. 1993-ல் விண்டோஸ் என்.டி-யுடன் வந்த ஃபைல் சிஸ்டம் இது. இன்றும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும், ஏன், ஒவ்வொரு ஃபைலுக்கும்கூட யார் பார்க்கலாம், யார் எழுதலாம் எனத் தனித்தனியாக இதில் சொல்லிவைக்கலாம்.

மூன்று படிக் கணக்கு

ஒரு ஊழியர் 'அக்கவுன்ட்ஸ்', 'மேனேஜர்' என இரண்டு குரூப்களில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கதவில் முதல் குரூப்புக்கு 'ரீட்', இரண்டாவது குரூப்புக்குத் திருத்தவும் அழிக்கவும் இடம் தரும் 'மாடிஃபை'.

முதல் படி: ஒரே பூட்டுக்குள் எல்லா குரூப்பின் அனுமதிகளும் கூடிக்கொள்ளும். எனவே அவருக்குக் கிடைப்பது 'மாடிஃபை'.

இரண்டாம் படி: கேட்டுக்கும் இதேபோல் தனியாகக் கூட்ட வேண்டும். அங்கே அவருக்கு 'ரீட்' மட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் படி: இரண்டு விடைகளில் எது குறைவோ, அதுவே இறுதி. எனவே நெட்வொர்க் வழியாக வரும்போது அவரால் பார்க்க மட்டுமே முடியும்.

முதலில் சொன்ன 'சேவ்' ஆகாத ஃபைலின் ரகசியம் பெரும்பாலும் இதுதான். 'அட்வான்ஸ்டு ஷேரிங்' வழியாகப் புதிதாக ஷேர் செய்யும்போது, கேட்டில் தானாக வந்து உட்காருவது 'எவ்ரிஒன் - ரீட்'. அட்மின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, கேட்டை மறந்திருப்பார்.

'டினை' என்ற தடைக்குத் தனி பலம். பத்து குரூப்பில் அனுமதி இருந்தாலும் ஒரு குரூப்பில் 'டினை' இருந்தால் தடைதான். ஒரு விதிவிலக்கு: மேல் ஃபோல்டரிலிருந்து இறங்கி வந்த 'டினை'யைவிட, அந்த ஃபைலிலேயே நேரடியாகக் கொடுத்த அனுமதி வலுவானது.

கேட்டை மட்டும் நம்பினால்?

காம்பவுண்டுக்குள்ளேயே இருப்பவரை கேட் தடுக்காது. ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தோ, ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைந்தோ நேராக ஃபோல்டரைத் திறப்பவருக்கு ஷேர் பெர்மிஷன் பொருந்தாது. வீட்டுக் கதவு மட்டுமே காவல். எக்ஸ்.ஃபேட் முறையில் இருக்கும் பென் டிரைவை ஷேர் செய்தால் அந்தக் கதவும் கிடையாது.

தொல்லை வேண்டாம் என்று இரண்டு பூட்டிலும் 'எவ்ரிஒன் - ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிடுவது இன்னும் ஆபத்து. சம்பளப் பட்டியல் எல்லோர் கண்ணிலும் படுவது அப்படித்தான். அதைவிடப் பெரிய பயம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர். ஒரு ஊழியரின் கம்ப்யூட்டரில் அது புகுந்தால், அவருக்குத் திருத்தும் உரிமை உள்ள ஷேர்டு ஃபோல்டர்களையும் பாழாக்க முடியும். பார்க்கும் உரிமை மட்டும் இருந்தால், அவர் பெயரில் வரும் அந்த நிரலாலும் எழுத முடியாது.

என்ன செய்யலாம்?

* கேட்டில் 'எவ்ரிஒன்' என்பதை எடுத்துவிட்டு, தேவையான குரூப்புக்கு 'சேஞ்ச்' கொடுங்கள். யாருக்கு எவ்வளவு என்ற நுணுக்கத்தை வீட்டுக் கதவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* ஆள் ஆளாகக் கொடுக்காமல் குரூப்புக்குக் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ, பிரிவு மாறினாலோ குரூப்பிலிருந்து நீக்கினால் போதும்.

* 'டினை'யை அபூர்வமாகவே பயன்படுத்துங்கள். அனுமதி கொடுக்காமல் விட்டாலே உள்ளே வர முடியாது.

* ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'செக்யூரிட்டி', 'அட்வான்ஸ்டு', 'எஃபெக்டிவ் ஆக்சஸ்' என்று சென்று ஒருவரின் பெயரைக் கொடுங்கள். வீட்டுக் கதவில் அவருக்குக் கிடைக்கும் மொத்த உரிமை தெரியும்.

* புதிய குரூப்பில் சேர்த்த பிறகும் ஃபோல்டர் திறக்கவில்லையா? ஒருமுறை லாக் அவுட் செய்து, மீண்டும் லாகின் செய்யுங்கள். புதிய உரிமை அப்போதுதான் கைக்கு வரும்.