வேலிக் கதியாலில் ஓர் உயிர்ப் பந்தல்

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் கோடை வெயிலில் முற்றத்து நிழலின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்கத் தேவையில்லை. அந்நிழலுக்காக இன்று இரும்புக் குழாய்களையும் தகரங்களையும் விலைகொடுத்து வாங்குகின்றோம். தகரமோ நண்பகலில் தானும் சூடேறி, அடியில் இருப்போரையும் வாட்டுகின்றது. அதிக செலவின்றித் தானாகவே வளரக்கூடிய பந்தல் எமது வேலியிலேயே நிற்பதை நாம் மறந்துவிட்டோம்.

அது பூவரசு. பசுமை மாறாத இம்மரம் கரையோர உவர் மண்ணையும் வரட்சியையும் தாங்கி நிற்கும். கன்று வாங்க வேண்டியதில்லை. வெட்டிய கொப்பே வேர்விடும். வேலிக்குக் கதியால் நாட்டிப் பழகிய கைகளுக்கு இது புதிய வித்தையன்று.

வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே நடுகைக்கு உகந்தவை. மணிக்கட்டளவு பருமனும் ஏழு, எட்டு அடி நீளமும் கொண்ட நேரான கதியால்களைத் தெரிந்து, அடிப்பகுதியைச் சரிவாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அடி இடைவெளியில் எதிரெதிராக இரு வரிசைகள் அமைத்து, ஒவ்வொரு வரிசையிலும் நான்கு அடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு மண்ணை இறுக்குதல் அவசியம். கிணற்றுக்கும் வீட்டுச் சுவருக்கும் அண்மையில் நடலாகாது.

பருத்த கதியாலை வளைக்க முற்பட்டால் முறிந்துவிடும். அதன் தலைப்பில் துளிர்ப்பவற்றில் உறுதியான இரண்டு மூன்றை மட்டும் விட்டு, ஏனையவற்றைக் கிள்ளிவிட வேண்டும். அவை இளசாக வளையும் பருவத்திலேயே, மேலே கட்டிய மூங்கில் வளைவின்மீது படியவிட்டுத் தும்புக் கயிற்றால் தளர்வாகக் கட்டல் வேண்டும். கம்பி பயன்படுத்தினால் பட்டை நெரிந்து, இலையில் உருவாகும் உணவு வேரை அடைவது தடைப்படும். வளைந்த கொப்பு அவ்வடிவிலேயே முற்றிவிடுவதால், பின்னர் மூங்கில் உக்கினாலும் கூரை சரியாது. இந்தியாவின் மேகாலயாவில் காசி இன மக்கள் மரவேர்களை ஆற்றின் குறுக்கே வளர்த்து உயிருள்ள பாலங்கள் அமைத்திருப்பதும் இத்தகைய பொறுமையினாலேயே ஆகும்.

நிழல் செறிவதற்குச் சில ஆண்டுகள் செல்லும். அதன்பின் ஆண்டுதோறும் பருவக்காற்றுக்கு முன்னர் கொப்புகளைக் கவ்வாத்துச் செய்தல் போதுமானது. வெட்டும் குழை ஆட்டுக்குத் தீனியாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் பயன்படும்.

மதில்கள் எழும் இடங்களிலெல்லாம் உயிர்வேலிகள் மறைந்து வருகின்றன. வேலி அழிந்தால் விலையின்றிக் கிடைத்த கதியாலும் இல்லை. அதை நாட்டும் பழக்கமும் அற்றுப்போகும். எனவே எதிர்வரும் மாரியில், வீட்டு வளவிலோ பாடசாலை, கோவில், பள்ளிவாசல் முன்றல்களிலோ நான்கு கதியால்களையேனும் நாட்ட நாம் முன்வருவோமாக.