பழங்கொடிகளின் கதை – 9: சட்டம் ஏற்காத 42 நட்சத்திரங்கள்

பால்டிமோர் நகரத்து மேரி பிக்கர்ஸ்கில் அம்மையார் 1813-இல் தைத்துக் கொடுத்த பெருங்கொடியையும், அது இன்று ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் மங்கிய வெளிச்சத்தில் சாய்வாகக் கிடத்தப்பட்டிருக்கும் விதத்தையும் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படித்து வரும் அன்பர்களுக்கு அதற்குமேல் நினைவூட்ட வேண்டியதில்லை. பழைய அமெரிக்கக் கொடிகளைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் முறையை இந்த வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். அதற்கென்று குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் எண் குறுக்கே வந்து நின்றுவிட்டது. நான்கு நாட்களாக வேறெதையும் சிந்திக்கவொட்டாமல் என்னை ஆட்கொண்டிருக்கும் அந்த எண் 42.

கொடியில் கோடுகள் என்றும் பதின்மூன்றே இருக்க வேண்டும், நட்சத்திரங்கள் மாத்திரம் ராஜ்யத்துக்கு ஒன்றாக ஏறிவர வேண்டும் என்பது 1818-ஆம் ஆண்டுச் சட்டம். புதிதாக ஒரு ராஜ்யம் சேர்ந்ததும் அதன் நட்சத்திரம் கொடியில் ஏறிவிடாது. அடுத்து வரும் ஜூலை 4, அதாவது அந்நாட்டின் சுதந்திர தினம் வரையில் அது காத்திருக்க வேண்டும். சட்டத்துக்குக் காத்திருக்கப் பொறுமை உண்டு. கொடி அச்சடிப்பவர்களுக்கோ அது சாத்தியமில்லை. ஊர்வலத்தில் பிள்ளைகள் கையில் பிடித்து ஆட்டும் சிறு கொடிகள் அந்த ஒரு நாளைக்கே விலை போகும் சரக்காகையால், எத்தனை நட்சத்திரம் வரும் என்பதை அவர்கள் முன்கூட்டியே அனுமானித்துத் துணியில் அச்சேற்றிவிட வேண்டும்.

1877 முதல் 38 நட்சத்திரங்களோடு அமைதியாகப் பறந்துகொண்டிருந்த கொடிக்கு 1889 நவம்பரில் சோதனை வந்தது. அம்மாதம் 2-ஆம் தேதி வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா இரண்டும் சேர்ந்தன. ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன், எதற்கும் மூத்தது இளையது என்ற பேதம் வரலாகாது என்று கருதி, இரண்டு பிரகடனங்களின் வாசகத்தையும் மறைத்து, தாள்களைக் கலைத்து வைக்கச் செய்து கையொப்பமிட்டார். எதில் முதலில் பேனா பட்டது என்பதை இன்றளவும் ஒருவரும் அறியார். இரட்டைக் குழந்தைகளிடம் பாரபட்சம் காட்டாத தகப்பனாரைப் போன்ற அந்தச் செய்கையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

8-ஆம் தேதி மான்டானாவும் 11-ஆம் தேதி வாஷிங்டனும் வந்து சேர, கணக்கு 42 ஆயிற்று. இனிச் சந்தேகமில்லை என்று நம்பிய உற்பத்தியாளர்கள் 42 நட்சத்திரக் கொடிகளை ஏராளமாக அச்சடித்தார்கள். 1890 ஜூலை 3-ஆம் தேதி, சுதந்திர தினத்துக்குச் சரியாக ஒருநாள் முன்னால், ஐடஹோ சேர்ந்தது. மறுநாள் விடிந்தபோது சட்டப்படி கொடியின் நட்சத்திரங்கள் 43. கடைகளில் குவிந்திருந்த 42 ஒரு பகல்கூட அதிகாரபூர்வமாக வாழ்ந்ததில்லை! அந்த 43-க்கும் ஆயுள் ஓராண்டுதான்: ஜூலை 10-ஆம் தேதியே வயோமிங் சேர்ந்துவிட்டதால், அடுத்த ஆண்டு 44 வரப்போவது உறுதியாகிவிட்டது. ஆகவே 43-ஐச் செய்யத் துணிந்தவர்கள் சிலரே. சட்டம் ஏற்ற கொடி அபூர்வமாகிவிட, சட்டம் ஏற்காத கொடியே சேகரிப்பவர் கைக்கு எளிதில் கிட்டுகிறது.

பென்சில்வேனியாவில் ஒரு சேகரிப்பாளரின் இல்லத்தில் அத்தகைய கொடி ஒன்றை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கைக்குட்டை அளவே உள்ள பருத்தித் துணி. நட்சத்திரங்களை இன்னபடி அடுக்க வேண்டும் என்று 1912 வரையில் விதி இல்லாததால் வட்டமாகவும், சேர்ந்து ஒரே பெரிய நட்சத்திரமாகவும் அமைத்தவர்கள் உண்டு. இதை அச்சடித்தவர் ஏழேழாக ஆறு வரிசை வைத்திருந்தார். பிடித்திருந்த கோல் என்றோ கழன்றுபோயிருந்தது. அதில் துணியை அறைந்திருந்த சிற்றாணிகளின் துளைகள் மூன்று இடது ஓரத்தில் இருந்தன; ஒவ்வொன்றையும் சுற்றித் துருவின் பழுப்பு வளையம். அறியாதவர்கள் அழுக்கென்று வெளுக்க எண்ணும் அந்த வளையங்களே, அது கடையில் தேங்கிக் கிடவாமல் ஏதோ ஒரு கையில் ஆடியது என்பதற்குப் பிரத்தியட்ச சாட்சி. அரசாங்கத்தின் கணக்கில் ஒருநாளும் கொடியாக இராத அந்தத் துணி, அதைத் தூக்கிப் பிடித்த கைக்குக் கொடியாகவே இருந்தது. பழங்கொடிகளின்மேல் எனக்குள்ள அபிமானத்துக்கு வேரே இதுதான்.

அன்று சட்டம் இடம் கொடாத கொடிக்கு இன்று ஒரு மரச்சட்டம் இடம் கொடுத்திருந்தது. அதன்மேல் கறுப்புத் திரை ஒன்று தொங்கியது. அவர் திரையை விலக்கினார். நான் எண்ணி முடிக்கும் வரையில் பொறுத்திருந்து, மெல்ல இறக்கிவிட்டார். வெளிச்சம் சாயத்தைத் தின்னும், தின்றது திரும்பாது என்பதற்காகவே அந்தத் திரை. வெளிச்சத்தைத் தடுக்கும் விதம், கொடியின்மேல் கண்ணாடி படியாமல் இடைவெளி விடும் விதம், பசை தொடாமல் பின்துணியில் தைத்துப் பொருத்தும் விதம் ஆகியவற்றை அடுத்த வாரம் அவசியம் எழுதுகிறேன்.

(தொடரும்)