உங்களுக்குத் தெரியுமா?

ஓசூர் சிப்காட்டிலிருந்து ஒருவர் யாஹூ முகவரியில் எழுதும் குழு மின்னஞ்சலால், கிருஷ்ணகிரியில் ஜிமெயில் வைத்திருக்கும், ஒரு வரிகூட எழுதாத இன்னொருவருக்குக் குழு அஞ்சல் வருவதே நின்றுபோகலாம்! 2014 ஏப்ரலில் உலகெங்கும் இது நடந்தது.

• 'எங்கள் முகவரியோடு வந்து, எங்கள் டிஜிட்டல் முத்திரை ஒத்துப்போகாத அஞ்சலை ஏற்காதீர்கள்' என்று யாஹூ அறிவித்தது. குழு மென்பொருள் தலைப்பிலும் அடியிலும் ஓரிரு சொல் சேர்த்து அனுப்பும், முத்திரை கலைந்துவிடும். அப்படி வந்த அஞ்சலை ஜிமெயில் திருப்பி அனுப்பியது. மென்பொருளோ ஜிமெயில்காரரின் முகவரிதான் செயலிழந்துவிட்டது என்று கணக்கு வைத்தது. பாவம், அவர் செய்த தவறு எதுவுமில்லை.

• குழு அஞ்சலை நடத்தும் மெயில்மேன் மென்பொருளின் வழக்கமான கணக்கு: ஒரு நாள் அஞ்சல் திரும்பினால் 1 புள்ளி. 5 சேர்ந்தால் நிறுத்தம்.

• திரும்பும் அஞ்சல், நம் கண்ணில் படும் அனுப்புநர் முகவரிக்குப் போவதில்லை. உள்ளே மறைந்திருக்கும் இன்னொரு முகவரிக்கே போகும். பெறுபவரின் முகவரியை, '@' குறிக்குப் பதில் '=' போட்டு, அதிலேயே பொதிந்து வைப்பதும் உண்டு. எந்த முகவரி பழுது என்பது கடிதத்தைப் பிரிக்காமலே தெரிந்துவிடும்.

• 'சேரவில்லை' என்று வரும் அறிவிப்பில் அந்த மறைவு முகவரி வெறும் '<>' தான். 1982-லேயே வகுத்த விதி இது. இல்லாவிட்டால் இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்கும்.